சமர்த்துப் பொட்டலமும் ஐந்தரை மணி வண்டியும்

சிங்யென் ஊராட்சி அலுவலகத்தின் வலைத்தளம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு வயிறு நிரம்பிப் போனது. அதைப் பார்த்தவள் லியாவ் பெய்-லான் ஒருத்திதான். அலுவலகத்தில் இருந்த நாற்பத்தாறு பேரில் வலைத்தளத்தின் கண்ட்ரோல் பேனலுக்கான பாஸ்வேர்ட் அவளிடம் மட்டுமே இருந்தது. அது பெரிய பொறுப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாஸ்வேர்ட் யாருக்குத் தெரிகிறதோ அவர்தான் எது கெட்டாலும் பதில் சொல்ல வேண்டும் என்பதால், மற்ற நாற்பத்தைந்து பேரும் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் மிகுந்த கவனத்தோடு இருந்தார்கள். அவள் ஒப்பந்த ஊழியை. ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழிக் குளிரில், ஒப்பந்தம் நீளுமா என்று காத்திருக்கிற சாதி.

கண்ட்ரோல் பேனல் என்பது ஒன்றுமில்லை. வலைத்தளத்துக்கு இடம் வாடகைக்குத் தருகிற ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்திருக்கும் ஒரு பக்கம். அதில் வரிசை வரிசையாகச் சின்னப் படங்கள். ஃபைல் வைக்க ஒன்று, அஞ்சலுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் முப்பது. ஓரத்தில் ஒரு பட்டை, எவ்வளவு இடம் செலவாகியிருக்கிறது என்று காட்டும். எட்டு ஆண்டுகளாகப் பச்சையாக இருந்து, ஆறு மாதமாக மஞ்சளாக இருந்த அந்தப் பட்டை இன்று சிவப்பாகி நூறு சதவீதம் என்றது.

இடத்தைத் தின்றது யார் என்பதில் மர்மம் இல்லை. ஊராட்சித் தலைவர் பேசினால் அது முழுதாக வலைத்தளத்தில் ஏறவேண்டும் என்பது அலுவலக வழக்கம். தலைவர் குறைவாகப் பேசிப் பழகியவர் அல்லர். பேருந்து நிழற்குடைக்கு வெள்ளையடித்த விழாவில் இரண்டு மணி நேரம் பேசினார். பொதுக் கழிப்பறைத் திறப்பு விழாவில் பேசியது மூன்று பிரதிகளாக ஏறியிருந்தது: ஒன்று எழுத்தோடு, ஒன்று எழுத்தில்லாமல், ஒன்று தலைவர் இருமிய இடத்தை வெட்டிவிட்டு.

பெய்-லானுக்கு வேண்டியது அதில் ஒரு துளி இடம். அன்று காலைதான் நெடுஞ்சாலைத் துறையிலிருந்து தாள் வந்திருந்தது. போன புயலில் பதினேழாவது கிலோமீட்டரில் மலை சரிந்து பாதி சாலை பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த பாதியில், குறித்த நேரத்துக்கு மட்டும் தடுப்பைத் தூக்கி வண்டிகளை விடுவார்கள். அந்த நேரம் அவ்வப்போது மாறும். இந்த வியாழன் முதல் மாறுகிறது. ஆகவே ஆறு நாற்பதுக்குக் கிளம்பும் ஊராட்சியின் சின்னப் பேருந்து இனி ஐந்து ஐம்பதுக்கே கிளம்ப வேண்டும்.

அந்தப் பேருந்தில் வாரத்துக்கு மூன்று நாள் பதினோரு பேர் போவார்கள். பதினோரு பேருக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து, இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து தந்தால்தான் அடுத்த இரண்டு நாளை ஓட்ட முடியும். ஒரு நாள் வண்டியைத் தவறவிட்டால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை.

அவர்களுக்காக வலைத்தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. பெய்-லான் சொந்த ஸ்கூட்டரில் போய் ஒவ்வொரு நிறுத்தத்தையும் படமெடுத்து, கண் மங்கியவர்களுக்கும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் நேரம் போட்டுச் செய்த பக்கம். தலைவரின் முகம் இல்லாத பக்கம் அந்த வலைத்தளத்திலேயே அது ஒன்றுதான்.

இப்போது அதில் ஆறு நாற்பதை அழித்து ஐந்து ஐம்பது என்று போட வேண்டும். அவள் போட்டாள். ஆனால் சேமிக்கும் பொத்தானில் கை வைக்கவில்லை. இடம் நிரம்பியிருக்கும்போது சேமித்தால் புதியதும் ஏறாது, பழையதும் காணாமல் போகும், பக்கம் வெள்ளையாகிவிடும். ‘சிங்யெனின் வரலாறு’ பக்கம் சென்ற ஆண்டு அப்படித்தான் போனது. எட்டு மாதம் வெள்ளையாகவே இருந்தது. அந்த எட்டு மாதமும் வரலாற்றைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை.

அவள் பிரிவுத் தலைவர் கோவிடம் போனாள். கோ ஓய்வுபெற ஒன்றரை ஆண்டு இருந்தது. அந்த ஒன்றரை ஆண்டையும் எதையும் தொடாமல் கடந்துவிட வேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கை லட்சியம்.

“கழிப்பறை வீடியோ மூணு காப்பி இருக்கு, சார். ஒண்ணை எடுத்துட்டாப் போதும்.”

“எடுக்கறதுன்னா? அழிக்கறதா?”

“ஆமா சார்.”

கோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “லியாவ், நம்ம ஆபீஸ்ல ஒண்ணைச் சேர்க்க ஒன்பது ஃபாரம் இருக்கு. அழிக்க ஒரு ஃபாரமும் கிடையாது. இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஒன்பதையும் அச்சடிச்சவனே நான்தான்.”

கூடுதல் இடம் வாங்கலாமே என்றாள். அது அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எழுதப்பட வேண்டியது, அடுத்த ஆண்டுத் திட்டம் போன மாதமே முடிந்துவிட்டது என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் குரலைத் தாழ்த்தி, முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

“உன் பொட்டலம் எப்படி இருக்கு?”

அவர் கேட்டது சமர்த்துப் பொட்டலத்தை. தேங்காய் வாசனை அடிக்கும் சோளப்பொரிப் பொட்டலம் அது. பெயருக்கே ‘சமர்த்தாக இரு’ என்று பொருள். சிங்யென் இருக்கும் அந்தத் தீவில் எந்த இயந்திரத்தின் மேலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரியிலும், வங்கியிலும், போலீஸ் நிலையத்திலும், ஏவுகணைக் கூடத்திலும்கூட. பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும், அப்போதுதான் இயந்திரம் சமர்த்தாக ஓடும். மஞ்சளும் சிவப்பும் ஆகாது. பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. யாரும் இதை நம்புவதில்லை, யாரும் வைக்காமலும் இருப்பதில்லை.

கோ எழுந்து வந்து அவளுடைய கணினியின் மேல் இருந்த பொட்டலத்தைத் திருப்பினார். தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் முகத்தில் நிம்மதி பரவியது. பக்கத்து மேசையிலிருந்த இருவரைக் கூப்பிட்டுத் தேதியைக் காட்டினார். அன்று மாலையே அறிக்கை தயாரானது: வலைத்தளத்தில் இடம் நிரம்பியதற்குக் காரணம், ஒப்பந்த ஊழியர் லியாவ் பெய்-லான் காலாவதியான பொட்டலத்தை மாற்றத் தவறியது.

அவள் வாதாடவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொன்னாள். இது வெறும் கணினி, வலைத்தளம் இதற்குள் இல்லை, சர்வர் ஹோஸ்டிங் கம்பெனியிடம் எங்கேயோ இருக்கிறது என்றாள். சோர்வில் வாய் தவறி வந்துவிட்ட வார்த்தை. அதற்காகப் பின்னால் அவள் எத்தனையோ முறை தன்னையே நொந்துகொண்டாள்.

“எங்கேயோன்னா?” என்றார் கோ. “அப்ப அது மேல யாரு பொட்டலம் வெச்சிருக்கா?”

புதன்கிழமை அவள் பதினோரு பேருக்கும் தொலைபேசியில் சொல்ல உட்கார்ந்தாள். நான்கு பேர் எடுக்கவே இல்லை. மூன்று பேர் ‘ஊராட்சி அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்’ என்றதுமே வைத்துவிட்டார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. அரசாங்கத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டதால், போன வசந்தத்தில் ஊராட்சியே ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுவரொட்டி ஒட்டியிருந்தது: தொலைபேசியில் சொல்வதை நம்பாதீர்கள், எங்கள் வலைத்தளத்தில் சரிபாருங்கள். அந்தச் சுவரொட்டியை ஒட்டியதும் பெய்-லான்தான். எடுக்காதவர்களையும் வைத்தவர்களையும் வண்டியோட்டி அ-சூங் மாலையில் வீடு வீடாகப் போய்ப் பிடித்தார். அந்தப் பதினோரு பேரில் ஒருவரான துங் பெரியப்பா அவள் பேசியபோதே எடுத்துப் பேசியவர் என்பதால் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

துங் பெரியப்பா ஒரு காலத்தில் காட்டு ரயிலில் பிரேக் பிடிக்கும் வேலை பார்த்தவர். கடைசி நிறுத்தத்துக்கும் மேலே தனியாக இருந்தார்.

“அஞ்சு அம்பதா? பையன் தைபேயிலேருந்து பார்த்துட்டு ஆறு நாப்பதுங்கறானே, பொண்ணே.”

“அது பழசு பெரியப்பா. மாத்த முடியல.”

“ஏன்?”

“இடம் இல்ல.”

“ஆபீஸ்ல இடம் இல்லியா? போன வருஷம்தானே மூணு மாடி எழுப்பினாங்க.”

அவள் விளக்கினாள். அவர் ஊம் கொட்டினார். வைத்த பிறகு மகனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். மகன் மறுபடி வலைத்தளத்தைத் திறந்து, ஆறு நாற்பதைக் கண்ணால் பார்த்து, இடம் இல்லை என்று எவளாவது சொல்வாளா, இது அந்தத் திருட்டுக் கும்பல்தான், இனி அந்த நம்பரை எடுக்காதே அப்பா என்று அடித்துச் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை துங் பெரியப்பா ஆறு இருபதுக்கே நிறுத்தத்துக்கு வந்து, ஒன்பது மணி வரை மழையில் நின்றார். அ-சூங் அவருக்காக ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்திருக்கிறார்; தடுப்பு விழுந்துவிட்டால் மற்ற பத்து பேரும் மாட்டிக்கொள்வார்கள் என்று கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை பெரியப்பாவை ஆம்புலன்ஸில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஞாயிறன்று பெய்-லான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரியப்பா மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதிப்போய் ஆளே அடையாளம் தெரியவில்லை. அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனாள். அவர் திட்டவில்லை.

“நீ நெஜமாவே ஆபீஸ்ல இருக்கற பொண்ணா?” என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். “தப்பா நெனச்சுக்காதே. நீங்கதானே நம்பாதேன்னு ஒட்டியிருந்தீங்க.”

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அழுகையாக வந்தது. ஸ்கூட்டரில் அழுதால் ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும் என்பதால் வீட்டுக்குப் போய் அழுதாள்.

அலுவலகம் இதற்குள் தூங்கிவிடவில்லை. ஹோஸ்டிங் கம்பெனிக்கு முத்திரையிட்ட கடிதம் போயிருந்தது: எங்கள் வலைத்தளம் இருக்கும் சர்வரின் மேல் பொட்டலம் உள்ளதா, நிறம் என்ன, காலாவதித் தேதி என்ன, புகைப்படத்துடன் தெரிவிக்கவும். கம்பெனியிலிருந்து முதலில் தானியங்கிப் பதில் வந்தது: உங்கள் இடம் நிரம்பிவிட்டது, தேவையற்ற ஃபைல்களை நீக்கவும். கோ அதில் ‘கேள்விக்குத் தொடர்பில்லாதது’ என்று எழுதி ஃபைலில் வைத்தார். இரண்டாவது பதில் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது, அதுவும் இன்னொரு கம்பெனியிடம் நாங்கள் வாடகைக்கு எடுத்தது, அந்தக் கட்டடத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது என்று அவர் எழுதியிருந்தார். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்.

மூன்று மாடியும் கலங்கியது. எட்டு ஆண்டுகளாக ஊராட்சியின் மானமும் தலைவரின் பேச்சுகளும் பொட்டலமே இல்லாத ஒரு சர்வரில் இருந்திருக்கின்றன. பெரியப்பா ஆம்புலன்ஸில் போனதற்குக் கூடாத கூட்டம் இதற்கு உடனே கூடியது.

அடுத்த புதன்கிழமை பிற்பகல். ஊராட்சியின் தலைமைச் செயலாளர் யென் நடுவில் உட்கார்ந்தார். மேசையில் பதினாறு பேருக்கும் பதினாறு புதுப் பச்சைப் பொட்டலங்கள், கூட்டம் சமர்த்தாக நடக்க வேண்டும் என்று. பெய்-லான் ஓரத்தில் மடிக்கணினியோடு இருந்தாள். பைக்குள் அன்று காலை வந்த நெடுஞ்சாலைத் துறையின் புதுத் தாள் இருந்தது. நாளை முதல் வண்டி ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். அதைச் சொல்ல அவள் மூன்று முறை கையைத் தூக்கினாள். நிகழ்ச்சி நிரலில் இல்லாததை நிகழ்ச்சி நிரல் முடிந்த பிறகு பேசலாம் என்றார்கள்.

யென் எழுந்து பேசினார்.

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இதை நான் பெருமையாவே சொல்றேன். ஏன்னா தெரிஞ்சவங்கதான் தப்பு பண்றாங்க. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல என் மேல ஒரு குற்றச்சாட்டு உண்டா? கிடையாது. நான் ஒரு முடிவும் எடுத்ததில்ல. முடிவு எடுக்கற இடத்துல உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். இன்னைக்கும் நாம முடிவு எடுக்கப் போறதில்ல. பொட்டலத்தை வைக்கப் போறோம். பொட்டலம் வெச்சதுக்காக இதுவரைக்கும் யாரையும் சஸ்பெண்ட் பண்ணினதில்ல.”

கைதட்டினார்கள். வெளிநாட்டுக்குப் பொட்டலத்தை அனுப்ப முடியாது, உள்ளே விடமாட்டார்கள். ஆகவே பொட்டலத்தின் படத்தை கண்ட்ரோல் பேனல் வழியாக சர்வருக்குள்ளேயே வைத்துவிடுவது என்று தீர்மானமானது. முன்புறம், பின்புறம், இரண்டு பக்கம், மேல், கீழ் என ஆறு படம். காலாவதித் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். முன்புறப் படம் முகப்புப் பக்கத்திலேயே பெரிதாக இருக்க வேண்டும். மாதாமாதம் புதிது போட வேண்டும்.

“இடம் இல்ல, ஐயா,” என்றாள் பெய்-லான். மூன்று மணி நேரத்தில் அவள் பேச முடிந்த முதல் வார்த்தை.

“படத்துக்கு எவ்வளவு வேணும்?”

“நாப்பது எம்.பி.”

“அப்ப நாப்பது எம்.பி. அழிச்சுடு,” என்றார் யென்.

அவள் கோவைப் பார்த்தாள். கோ மேற்கூரையைப் பார்த்தார். இல்லாத ஃபாரம் நாலு நிமிடத்தில் தட்டச்சாகி வந்தது. எதை அழிப்பது என்று பட்டியலைத் திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் படித்தார்கள். கழிப்பறைப் பேச்சு தலைவருடையது, தொட முடியாது. நிழற்குடைப் பேச்சும் அப்படியே. துணைத் தலைவர் மரம் நட்டது, துணைத் தலைவர் அதே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது, இரண்டுக்கும் உரியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளையாகிப்போன வரலாற்றை அழித்தால் இடமே வராது. கடைசியில் கேட்க நாதியில்லாத ஃபைல் ஒன்றுதான் நின்றது. பேருந்து நேரப் பக்கம், நிறுத்தங்களின் படங்களோடு. நாற்பத்தொரு எம்.பி.

“அதுல இருக்கற நேரமே தப்பாமே?” என்றார் யென். “தப்பான தகவலை வெச்சிருக்கறது சட்டப்படி ஆபத்து. எடுத்துடுங்க. ரெண்டு பிரச்சினையும் ஒரே கையெழுத்துல முடிஞ்சுது.”

நிகழ்ச்சி நிரல் முடிந்தது. அதற்குப் பிறகு பேசலாம் என்று சொன்ன நேரத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கோ வந்து அவள் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, இன்று அலுவலகம் மூடுவதற்குள் ஏற்றிவிடு என்றார்.

பெய்-லான் தன் மேசைக்குப் போனாள். நிறுத்தங்களின் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அழித்தாள். ஒன்றில், கடைசி நிறுத்தத்தில், துங் பெரியப்பா கையை நீட்டிப் பெயர்ப்பலகையைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தார். சிவப்புப் பட்டை கொஞ்சம் குறைந்தது. பிறகு பொட்டலத்தை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தினாள். படம் எடுக்கப் போனவள் நின்றாள். மேசையில் தடித்த கறுப்புப் பேனா கிடந்தது. பொட்டலத்தின் முன்புறத்தில், பச்சையின் மேல், எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக எழுதினாள்: 5:30. ஆறு பக்கத்தையும் படம் எடுத்து, முன்புறத்தை முகப்பில் ஏற்றினாள். பட்டை மறுபடி நூறானது.

ஐந்து மணிக்குப் பதினோரு பேரின் பிள்ளைகளுக்கும் ஒரே செய்தி போனது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஊராட்சி வலைத்தளத்தைத் திறந்து பொட்டலத்தைப் பாருங்கள், அதில் இருப்பதுதான் வண்டி நேரம். தைபே, தாவ்யுவான் நகரங்களில் இருந்த பிள்ளைகள் திறந்து பார்த்தார்கள். அரசாங்கத் தளத்தில், தலைவரின் முகத்துக்கும் மேலே, பச்சைப் பொட்டலத்தில் ஐந்தரை என்று இருந்தது. நம்பினார்கள். வியாழக்கிழமை விடியலில் பதினோரு பேரும் நிறுத்தங்களில் இருந்தார்கள். அ-சூங் தடுப்பைத் தாண்டியதும் அவளுக்குப் போன் செய்து, “எல்லாம் ஏறியாச்சு” என்றார். எட்டு ஆண்டு வேலையில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல நாள் அதுதான் என்றால் மிகையில்லை.

நல்ல நாள் ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே ஆய்வுக்குழு ஒன்றும் வரும். அடுத்த வாரம் மாவட்டத்திலிருந்து மூன்று பேர் வலைத்தளங்களுக்கு மதிப்பெண் போட வந்தார்கள். முகப்பில் பொட்டலத்தைக் கண்டதும் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு ஊராட்சிகளைப் பார்த்துவிட்டு வருகிறோம், சர்வருக்கு உள்ளேயே பாதுகாப்பு வைத்த இடம் இது ஒன்றுதான் என்றார் மூத்தவர். பிறகு கேட்டார், “அதென்ன அஞ்சரை?”

பெய்-லான் வாயைத் திறப்பதற்குள் கோ முந்திக்கொண்டார். அவருக்குத் தெரியாது. ஓய்வுபெற்றவர்தான் தெரியாது என்று ஒரு ஆய்வுக்குழுவிடம் சொல்ல முடியும்; அதற்கு அவருக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது.

“அது சோதனை நேரம், ஐயா. தினமும் காலை அஞ்சரைக்கு எங்க லியாவ் கண்ட்ரோல் பேனலைத் திறந்து எல்லாம் சமர்த்தா இருக்கான்னு பார்த்துடுவா. விடுமுறை நாள்லகூட.”

மூத்தவர் குறித்துக்கொண்டார். சிங்யென் ஊராட்சிக்குச் சிறப்புத் தகுதியும் கண்ணாடிக் கேடயமும் வந்தன. கேடயத்தை யென் வாங்கினார், தலைவர் பேசினார், பேச்சை ஏற்ற இடமில்லை. கேடயத்தின் பின்னாலேயே மாவட்டத்தின் சுற்றறிக்கையும் வந்தது. பதிமூன்று ஊராட்சிகளும் முகப்பில் பச்சைப் பொட்டலம் வைக்க வேண்டும். அதன்மேல் கறுப்புப் பேனாவில் 5:30 என்று எழுதியிருக்க வேண்டும். வலைத்தளப் பொறுப்பாளர் நாள்தோறும் காலை ஐந்தரைக்கு கண்ட்ரோல் பேனலில் நுழைந்ததற்குப் பதிவு இருக்க வேண்டும். இணைப்பாக, எழுத்தின் உயரத்தைச் சென்டிமீட்டரில் காட்டும் படம்.

கடற்கரை ஊராட்சி ஒன்றிலிருந்து யாரோ ஒரு பெண் அவளைக் கூப்பிட்டாள். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. எதுக்கு அஞ்சரை? ஆறுன்னா ஆகாதா? எனக்குக் கைக்குழந்தை இருக்கு.” பெய்-லான் மன்னித்துக்கொள் என்றாள்.

தடுப்பு நேரம் அதன்பின் மாறவில்லை. டிசம்பர் கடைசியில் சாலையைச் சரிசெய்துவிட்டார்கள். தடுப்பை எடுத்தாயிற்று. வண்டி மறுபடி ஆறு நாற்பதுக்கு. பெய்-லான் புதுப் பொட்டலத்தில் 6:40 என்று எழுதி, பழைய படத்தின் இடத்தில் அதே அளவில் ஏற்றினாள். அரை மணி நேரத்தில் மாவட்டத்திலிருந்து போன் வந்தது. ஒரு மணி நேரத்தில் கோ வந்தார். நேரம் சுற்றறிக்கையின் மாதிரிக்கு முரணாக உள்ளது, உடனே திருத்தாவிட்டால் கேடயம் திரும்பப் பெறப்படும்.

“சார், அது வண்டி நேரம். ஆஸ்பத்திரி வண்டி. சோதனை நேரமே இல்ல.”

“தெரியும்,” என்றார் கோ. அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “ரெண்டாவது வாரமே அ-சூங் சொல்லிட்டான். இப்ப நான் போய் அன்னைக்குப் பொய் சொன்னேன்னு எழுதிக் கொடுக்கணும். உன் ஒப்பந்தத் தாளும் என் மேசையிலதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் வேண்டாமே, லியாவ்.”

அவள் 5:30 பொட்டலத்தைத் திரும்ப ஏற்றினாள். பதினோரு பேரின் பிள்ளைகளுக்கும், ஆறு நாற்பதுதான், பொட்டலத்தைப் பார்க்காதீர்கள் என்று எழுதினாள். ஒருவரும் நம்பவில்லை. பொட்டலத்தைப் பார் என்று சொன்னவளே பார்க்காதே என்று சொன்னால் யார் நம்புவார்கள்? துங் பெரியப்பாவை மட்டும் போனில் பிடித்தாள்.

“பொட்டலத்துல அஞ்சரைன்னு இருக்குதாமே, பொண்ணே.”

“அது தப்பு பெரியப்பா. நான்தான் சொல்றேனே. ஆறு நாப்பது.”

“நீ சொல்றது நெஜமாத்தான் இருக்கும். ஆனா நான் அஞ்சரைக்கே வந்துடறேன். நின்னாக் கால்தான் வலிக்கும். வண்டியை விட்டா ஆளே போயிடுவேன்.”

ஜனவரியின் முதல் செவ்வாய்க்கிழமை, இருட்டு இன்னும் பிரியவில்லை. பெய்-லான் ஸ்கூட்டரைக் கடைசி நிறுத்தத்தில் நிறுத்தினாள். எப்படியும் ஐந்தரைக்கு எழுந்து கண்ட்ரோல் பேனலில் நுழைந்தாக வேண்டும், அதை இங்கேயே செய்யலாம் என்று வந்தாள். பெரியப்பா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, சுவரொட்டிக்குக் கீழே நின்றிருந்தார். கீழ் நிறுத்தங்களில் மற்ற பத்து பேரும் இப்படித்தான் நின்றுகொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். குளிர் காதைக் கடித்தது.

ஐந்தரைக்குச் செல்போனில் பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்தாள். பட்டை சிவப்பாக இருந்தது. நூறு சதவீதம். அந்த நொடியில் மாவட்டம் முழுவதும் இன்னும் பன்னிரண்டு பேர், கைக்குழந்தைக்காரி உட்பட, தூக்கக் கண்ணோடு இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் இவள் ஒரு கிழவருக்காக எழுதிய நாலு எழுத்து. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆத்திரமும் வந்தது, ஆனால் அந்தக் குளிரில் அது நிற்கவில்லை.

பெரியப்பா பையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்து நிறுத்தத்தின் பலகையில் வைத்தார். பிரிக்காதது. உப்பு என்று நர்ஸ் இதைத் தொடவே விடமாட்டாள், வைக்கத்தான் வாங்கினேன் என்றார்.

“எதுக்குப் பெரியப்பா?”

“வண்டிக்கு. உங்க ஆபீஸே வெச்சிருக்குதே.”

அவள் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் கொடுத்தாள். அவருக்கு நாளைக்கு இவ்வளவு என்று தண்ணீர்க் கணக்கு உண்டு என்பதால் ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு, கோப்பையைக் கை சூட்டுக்குப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி பத்து நிமிடம் இருவரும் அங்கேயே நின்றார்கள். ஆறு நாற்பதுக்கு, சரியாக அவள் சொன்ன நேரத்துக்கு, வளைவில் அ-சூங்கின் விளக்கு தெரிந்தது. பெரியப்பா பொட்டலத்தைத் தட்டிக்கொடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பாத்தியா,” என்றார். “வந்துடுச்சு.”

அவள் அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, அலுவலகத்துக்குப் போனாள்.